சிறுகாயங்களும் மருத்துவக் குறியீடுகளும்: ஒரு வரலாறு

காய்கறி நறுக்கும்போது இடது கை ஆள்காட்டி விரலில் கத்தி பட்டு, மருத்துவமனையில் இரண்டு தையல் போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இந்தச் சிறுகாயம் ஐந்து குறியீடுகளாகப் பதிவாகலாம். எஸ் 61.211 என்பது இடது ஆள்காட்டி விரலில் நகம் பாதிக்கப்படாத, உள்ளே அந்நியப் பொருள் எதுவும் தங்காத கிழிகாயம். அதன் கடைசியில் சேரும் ‘ஏ’ என்ற எழுத்து, காயத்துக்கான சிகிச்சை இப்போது நடக்கிறது என்பதைக் காட்டும். டபிள்யூ 26.0 என்றால் கத்தியால் ஏற்பட்டது. ஒய் 92.010 என்றால் தனி வீட்டின் சமையலறையில் நடந்தது. ஒய் 93.ஜி1 என்றால் உணவு தயாரிக்கும்போது நேர்ந்தது. ஒய் 99.8 என்றால் கூலிக்குச் செய்த வேலையில் நேர்ந்ததன்று. தையலுக்கு உரிய கட்டணக் குறியீடு இவற்றுக்கு வெளியே தனியாக இருக்கிறது.

சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் ‘மெடிக்கல் கோடிங்’ வேலை பார்க்கும் நம் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு இவை அன்றாடப் பாடம். விலங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், செவிலியம் படித்த பல்லாயிரம் பேர் கடல் கடந்த ஊர்களில் ஏற்பட்ட சிராய்ப்புகளையும் சுளுக்குகளையும் இங்கே உட்கார்ந்து எண்ணும் எழுத்துமாக மாற்றுகிறார்கள். அவர்கள் கையாளும் இந்த முறை எங்கிருந்து வந்தது, ஒரு சிறுகாயத்துக்கு ஏன் இத்தனை விவரம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய பட்டியல்கள்

காயங்களை வகைப்படுத்தி எழுதும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்தில் எழுதப்பட்டு இன்று ‘எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்’ என அழைக்கப்படும் சுவடி ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 48 நோயாளிகளின் விவரங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை காயங்களே. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பரிசோதனை, முடிவு, சிகிச்சை என்று ஒரே ஒழுங்கு. முடிவு மூன்று வகை: நான் குணப்படுத்துவேன், நான் போராடிப் பார்ப்பேன், இதற்கு மருத்துவம் இல்லை. காயங்கள் தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இன்றைய சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலும் எஸ் 00 தலையில் தொடங்கி எஸ் 99 பாதத்தில் முடிகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படவில்லை. உடலைப் பரிசோதிக்கும் எவருக்கும் இயல்பாகத் தோன்றும் வரிசை அது.

சுசுருத சங்கிதை புதுக்காயங்களை ஆறாகப் பிரிக்கிறது: சின்னம், பின்னம், வித்தம், க்ஷதம், பிச்சிதம், க்ருஷ்டம். வெட்டியது, உள்ளே பாய்ந்தது, துளைத்தது, ஒழுங்கற்றுக் கிழிந்தது, நசுங்கியது, உராய்ந்தது என இவற்றைப் புரிந்துகொள்ளலாம். நம் பேச்சு வழக்கில் உள்ள வெட்டுக்காயம், குத்துக்காயம், ஊமைக்காயம், சிராய்ப்பு ஆகிய சொற்களும் இதே வேலையைச் செய்கின்றன.

இவை யாவும் காயம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்பவை. அது எதனால் வந்தது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை முதலில் விடாப்பிடியாகக் கேட்டது மருத்துவம் அல்ல, சட்டம்.

இங்கிலாந்தில் 1194 முதல் ‘கொரோனர்’ என்ற மரண விசாரணை அதிகாரிகள் இருந்தனர். ஒருவர் வண்டிச் சக்கரத்தில் சிக்கியோ கொதிக்கும் கொப்பரையில் விழுந்தோ இறந்தால், இறப்புக்குக் காரணமான பொருளை அரசருக்கு உரியதாக்கும் ‘டியோடண்ட்’ என்ற வழக்கம் அங்கு நிலவியது. அதனால் விசாரணைக் குழுவினர் அந்தப் பொருள் எது, அதன் விலை என்ன என்று எழுதியே ஆக வேண்டும். வண்டி முழுவதுமா, ஒரு சக்கரம் மட்டுமா என்றுகூட வாதம் நடந்தது. அரசுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம்தான். ஆனாலும் ‘எந்தப் பொருளால்’ என்ற கேள்வி ஒவ்வொரு விபத்து மரணத்திலும் தவறாமல் கேட்கப்பட்டது. 1841இல் சோனிங் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் ரயில் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுண்டு என மதிப்பிட்டபோது ரயில் முதலாளிகள் அதிர்ந்து போனார்கள். 1846இல் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு, விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க வழி செய்யும் சட்டமும் வந்தது.

லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் வாராவாரம் வெளியான மரணப் பட்டியல்களை இங்கே விட்டுவிட முடியாது. ஊர்ப் பங்கைச் சேர்ந்த வயதான பெண்கள் வீடு வீடாகச் சென்று பிணத்தைப் பார்த்து இறப்பின் காரணத்தைச் சொல்வார்கள். அதைக் குருத்துவ எழுத்தர்கள் தொகுத்தார்கள். ஜான் கிராண்ட் என்ற சில்லறைத் துணிமணி வியாபாரி அந்தத் தாள்களைச் சேகரித்து ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். நீரில் மூழ்குதல், சாரத்திலிருந்து விழுதல், வண்டி ஏறுதல் போன்ற சாவுகள் மனிதர் செய்யும் தொழிலைப் பொறுத்தவை என்று அவர் அதில் குறிப்பிட்டார். மருத்துவம் படிக்காத ஒருவர் வெறும் பட்டியலைப் பார்த்தே கண்டுகொண்டது இது.

இறக்காதவர்களின் காயம்

மேற்கண்டவை எல்லாம் இறந்தவர்களைப் பற்றிய பதிவுகள். உயிரோடு இருப்பவரின் சிறுகாயத்தைக் கட்டாயமாக எழுதச் செய்ததில் 1844ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. பஞ்சாலை விபத்தில் அடிபட்ட தொழிலாளி மறுநாள் காலை 9 மணிக்குள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்றால், அதைச் சான்றளிக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் நேரில் விசாரித்துக் காயத்தின் தன்மையையும் காரணத்தையும் ஆய்வாளருக்கு எழுத வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது அந்த 9 மணிக் கணக்கு. காயம் எவ்வளவு ஆழம் என்று சட்டம் கேட்கவில்லை, வேலை கெட்டதா என்று கேட்டது. தன்மை, காரணம் என்ற இரட்டைக் கேள்வி பின்னர் உலக அளவில் பட்டியலாக வரப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம்.

அதே காலத்தில் வில்லியம் ஃபார் (1807–1883) என்ற மருத்துவர் இங்கிலாந்தின் பதிவுத் துறையில் இறப்புக் காரணங்களைத் தொகுத்துவந்தார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயருக்கு மூன்று நான்கு நோய்கள் என்று இருந்தால் எதை எண்ணுவது என்பது அவருடைய கவலை. 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாடு, அவரிடமும் ஜெனீவாவின் மார்க் டெஸ்பீனிடமும் பொதுப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னது. 1855இல் இருவரும் வெவ்வேறு பட்டியல்களோடு வந்தார்கள். மாநாடு இரண்டையும் சமரசம் செய்து 139 தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றது. ஃபார் தன் பட்டியலில் நோய்களை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்திருந்தார். ஐந்தாவது பிரிவு வன்முறையால் நேரடியாக விளைபவை. ‘வன்முறை’ என்ற சொல் அப்போது கத்திக்குத்து, ரயில் விபத்து, தீக்காயம் எல்லாவற்றையும் குறித்தது. வெளியிலிருந்து உடலைத் தாக்கும் எதுவும் வன்முறைதான்.

கிரிமியப் போர் மருத்துவமனைகளைப் பார்த்துத் திரும்பிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டனில் நடந்த மாநாட்டின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுத வேண்டும், ஃபாரின் வகைப்பாட்டை உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவரை விளக்கேந்திய சீமாட்டி என்றே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. படிவம் போட்ட சீமாட்டி என்பதும் அவருக்குப் பொருந்தும்.

அந்த யோசனை நிறைவேற எண்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் பாரிஸ் நகரப் புள்ளியியல் தலைவர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் சிகாகோவில் தன் பட்டியலை அளித்தார். அது பல நாடுகளில் பரவியது. 1900இல் பாரிஸில் 26 நாடுகள் கூடி அதைத் திருத்தி 179 பிரிவுகள் கொண்ட பட்டியலாக்கின. பின்னர் 1909, 1920, 1929, 1938 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள் வந்தன. பெயரளவில் எல்லாம் இறப்புக் காரணப் பட்டியல்களே. கை முறிந்து பிழைத்தவனுக்கு அவற்றில் சரியான இடம் இல்லை.

இரண்டு விடை

1948இல் நிலைமை மாறியது. புதிதாகப் பிறந்த உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் பட்டியலின் ஆறாம் திருத்தம் வெளியானது. முதன்முறையாக அதில் சாவுகளோடு நோய்களும் காயங்களும் முழுமையாக இடம்பெற்றன. அப்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவர் மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் அதை ‘மரத்திலிருந்து விழுதல்’ என்று எழுதுவதா, ‘மணிக்கட்டு எலும்பு முறிவு’ என்று எழுதுவதா? எலும்பு மருத்துவருக்கு இரண்டாவது வேண்டும். விபத்தைத் தடுக்க நினைப்பவருக்கு முதலாவது வேண்டும். ஆறாம் திருத்தம் இரண்டையும் வைத்துக்கொண்டது. 800 முதல் 999 வரையான எண்களை இருமுறை அச்சிட்டு, காரணத்துக்கு ‘ஈ’ என்றும் தன்மைக்கு ‘என்’ என்றும் முன்னெழுத்து கொடுத்தது. மற்ற நோய் எதற்கும் இத்தகைய இரட்டைப் பதிவு இல்லை. காயம் ஒன்றுக்குத்தான் அது.

1975இல் முடிவான ஒன்பதாம் திருத்தத்தில் ‘ஈ’ எண்கள் துணைப் பட்டியலாகத் தள்ளப்பட்டன. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் மீண்டும் தனி அத்தியாயமாக உள்ளே வந்தன. காயத்தின் தன்மைக்கு எஸ், டி ஆகிய எழுத்துகளும், காரணத்துக்கு வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய எழுத்துகளும் தரப்பட்டன. மரத்திலிருந்து விழுவது டபிள்யூ 14. நாய்க்கடி டபிள்யூ 54. பட்டாசு வெடித்தல் டபிள்யூ 39. பாம்பு, பல்லியினங்களின் நச்சு எக்ஸ் 20. குளவி, தேனீ எக்ஸ் 23. மூன்று சக்கர வாகனத்தில் சென்றவருக்கு வி 30 முதல் 39 வரை. ஆட்டோ ஓடும் ஊர்களுக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவையானது. இவற்றோடு இடத்தைக் காட்ட இன்னோர் எண்: வீடு என்றால் 0, பள்ளி முதலிய பொதுக் கட்டடங்கள் என்றால் 2, தெரு என்றால் 4, பண்ணை என்றால் 7.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வெந்நீர்க் காயம் நல்ல விடை. சுடுநீர் பட்டு வெந்த குழந்தைகளை எல்லாம் ‘கொப்புளக் காயம்’ என்று மட்டும் எழுதினால், பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் காரணத்தையும் கேட்டு எழுதியபோது, குளியலறைக் குழாயில் வரும் வெந்நீரே பல குழந்தைகளைச் சுட்டது தெரிந்தது. 60 பாகை செல்சியஸ் நீர் ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 49 பாகையில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே 1983இல் வாஷிங்டன் மாநிலம், புதிதாகப் பொருத்தும் வெந்நீர்க் கொதிகலன்களை 49 பாகையில் வைத்தே தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பத்தாம் திருத்தத்தில் சூடான பானம், உணவு, எண்ணெய் எக்ஸ் 10, குழாய் வெந்நீர் எக்ஸ் 11, பிற சுடுதிரவம் எக்ஸ் 12 என்று பிரிந்திருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. மூன்றுக்கும் தடுக்கும் வழி வேறு வேறு.

நியூயார்க் நகரம் சன்னல் வழியாக விழும் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, 1976இல் குழந்தைகள் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் சன்னல் தடுப்புக் கம்பிகளைக் கட்டாயமாக்கியதும் இதே வகை. ‘விழுந்தான்’ என்ற ஒரு சொல் போதாது. எங்கிருந்து விழுந்தான் என்பதில்தான் கம்பி இருக்கிறது.

பணமும் நகைப்பும்

அமெரிக்காவில் இதே குறியீடுகள் மருத்துவக் கட்டணத்தோடு பிணைந்தன. அங்குள்ள மருத்துவச் சங்கம் 1966இல் சிகிச்சைச் செயல்களுக்குத் தனி எண்பட்டியல் வெளியிட்டது. சாதாரணத் தையலுக்கு அதில் 12001 என்றொரு எண் உண்டு. உடல், கை, கால் முதலிய இடங்களில் 2.5 செ.மீ. வரையான காயத்துக்கு அது. 2.6 முதல் 7.5 செ.மீ. வரை என்றால் 12002. மருத்துவர் நீளத்தை எழுத மறந்தால், கோடிங் செய்பவர் ஊகித்து எழுதக் கூடாது. சிறிய எண்ணைத்தான் போட முடியும், அல்லது மருத்துவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். எழுதாதது நடக்கவில்லை என்று அத்துறையில் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இரவுப் பணியில் இருக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கு நோயாளி தெரியாது, காயம் தெரியாது. அந்தக் குறிப்பு மட்டுமே தெரியும்.

பத்தாம் திருத்தத்தின் அமெரிக்க வடிவம் பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 14,000ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 70,000ஐ நெருங்கின. வாத்து இடித்தல், பசு கடித்தல், விமான எஞ்சினால் உள்ளிழுக்கப்படுதல், தீப்பற்றிய நீர்ச்சறுக்குப் பலகையால் சுட்டுக்கொள்ளுதல் எனச் சில குறியீடுகள் பத்திரிகைகளில் பெரும் கேலிக்கு உள்ளாயின. கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணிக்கை பெருகியதற்கு வாத்து காரணமல்ல. வலது, இடது என்று பிரித்ததும், சிகிச்சை நடக்கிறதா, ஆறும் கட்டமா, பின்விளைவா என்பதற்கு ஏ, டி, எஸ் என்ற கடைசி எழுத்தைச் சேர்த்ததுமே பெரும் பகுதி. வேடிக்கை என்னவென்றால், காரணக் குறியீடுகளை எழுதுவது அங்கு நாடு முழுதும் கட்டாயம் அன்று. சில மாநிலங்களும் சில காப்பீட்டு நிறுவனங்களும் கேட்டால்தான் கட்டாயம். பணம் காயத்தின் தன்மைக்கே பெரும்பாலும் வருவதால், தடுப்புக்குத் தேவையான பாதி விடுபட்டுப் போகிறது.

இதைவிடக் கடினமானது நோக்கம் பற்றிய கேள்வி. பட்டியலில் விபத்து, தனக்குத்தானே செய்துகொண்டது, பிறர் தாக்கியது, தீர்மானிக்க முடியாதது என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. நோக்கம் குறிப்பிடப்படவில்லை என்றால் விபத்து என்றே கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. கண்ணுக்குக் கீழே கன்றிப்போன பெண் ‘படியில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அது டபிள்யூ 10, படிக்கட்டில் விழுதல். ஆண்டு முடிவில் அந்த எண் படிக்கட்டுகளின் கணக்கில் சேரும், அடித்தவனின் கணக்கில் சேராது. எத்தனை இலக்கம் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. கேட்பவர் தனியாக, பொறுமையாகக் கேட்டால்தான் தீரும்.

நம் மருத்துவமனைகளில்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிறுகாயம் எழுதப்படும் இடம் விபத்துப் பதிவேடு. மக்கள் வழக்கில் ‘ஏ.ஆர். காப்பி’. வந்த நேரம், அழைத்து வந்தவர், இரண்டு அங்க அடையாளங்கள், காயத்தின் இடம், அளவு, எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கும். ‘ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது’ என்ற அந்தத் தொடர் முக்கியமானது. மருத்துவர் தான் கண்டதையும் தான் கேட்டதையும் பிரித்து எழுதுகிறார். முடிவில் சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்ற கருத்து.

இந்தப் பிரிவினை புள்ளியியலிலிருந்து வந்ததன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுங்காயத்தை எட்டு வகையாக வரையறுத்தது. எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம். ஆகவே ஒரு முன்பல் உடைந்தால் கொடுங்காயம், பத்துத் தையல் போட்ட தொடைக்காயம் ஆறிவிட்டால் சாதாரணக் காயமாகவே நிற்கலாம். எட்டாவது வகை, 20 நாள் கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாமையோ தரும் காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதை 15 நாளாகக் குறைத்தது. 1844இல் காலை 9 மணி, இங்கே நாள் கணக்கு. இரண்டு சட்டங்களும் காயத்தை அளக்க அது கெடுத்த நாட்களையே அளவுகோலாகக் கொண்டன.

விபத்துப் பதிவேடு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் பயன்படுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவர் முதல் நாள் சிறுகாயம்தானே என்று மருந்துக் கடையில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி ஒட்டிக்கொண்டு போய், பத்து நாள் கழித்துக் கை தூக்க முடியாமல் வந்தால், அந்த வலியை அந்த விபத்தோடு இணைக்க எழுத்து எதுவும் இருக்காது. இழப்பீட்டு வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இந்தப் பதிவைத்தான். பள்ளி மைதானத்தில் தினமும் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் காயங்களும், வரப்பில் அரிவாள் பட்ட கைகளும், வீட்டுத் திண்ணையில் மஞ்சள் வைத்துக் கட்டப்படும் புண்களும் எந்த ஏட்டுக்கும் வருவதில்லை. இறப்புகளுக்கு மட்டும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி காரணச் சான்று முறை இருக்கிறது. அது சர்வதேசப் பட்டியலின் எண்களைப் பின்பற்றுகிறது.

பட்டியலின் பதினோராம் திருத்தம் 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் ஒரு காயத்துக்கு ஒரே நீண்ட எண் என்ற முறை மாறியிருக்கிறது. அடிப்படைக் குறியீடு ஒன்றை எடுத்து, பக்கம், பொருள், இடம், செயல் என வேண்டியவற்றை மணிபோல் கோத்துக்கொள்ளலாம். காயங்கள் 22ஆம் அத்தியாயம், வெளிக் காரணங்கள் 23ஆம் அத்தியாயம். அத்தியாய வரிசைப்படி எழுத்து கொடுத்ததில் காயங்களின் குறியீடுகள் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன. 1948இல் காயத்தின் தன்மைக்கு வைத்த அதே எழுத்து, தற்செயலாகத் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் இன்னும் பத்தாம் திருத்தத்தின் தம் வடிவத்திலேயே இருப்பதால், சென்னையில் கோடிங் செய்பவர்கள் இப்போதைக்கு எஸ் 61ஐயும் டபிள்யூ 26ஐயும்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.